மணி கட்டிய எலும்பு

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதால் வெளியே கேட்காது என்று யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது. போன வாரம் சின்ன மருமகள் அப்படித்தான் அழுதாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற பெரிய மருமகளுக்கு ஒவ்வொரு விசும்பலும் சுத்தமாகக் கேட்டது. கேட்டுவிட்டு என்ன செய்தாள்? அடுக்களைக்குப் போய் வழக்கத்தைவிட ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போட்டுக் காபி குடித்தாள். அவளை அங்கேதான் விட்டுவிட்டு வந்தோம்.

இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒரே வீட்டில் அண்ணன் மனைவியும் தம்பி மனைவியும். ஓரகத்திகள். இருவருக்கும் ஒரே படிப்பு, ஒரே ஆய்வுக்கூடம். எலும்பும் மூட்டும் எப்படி உடைகின்றன, எப்படிக் கூடுகின்றன என்று பார்ப்பதுதான் வேலை. மூத்தவள் முன்பே அங்கே இருந்தவள். புதிதாகக் கல்யாணமாகி வந்த இளையவள் வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை என்று புலம்பியபோது, கையைப் பிடித்து அழைத்துப் போய்ச் சேர்த்துவிட்டவளும் மூத்தவள்தான். முந்தி வந்த செவியைப் பிந்தி வந்த கொம்பு மறைக்கும் என்று அன்றைக்கு அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

கொம்பு நன்றாகவே வளர்ந்தது. கூட்டங்களில் இளையவள் கேட்ட கேள்விகளைப் பற்றித்தான் பேச்சு. அவள் சிரித்தால் கூடமே சிரித்தது. மூத்தவளைப் பற்றிச் சொல்லும்போது எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: அவள் கை பட்ட வேலையில் பிழை இருக்காது. ஆரம்பத்தில் அது பாராட்டாகக் கேட்டது. இப்போது, தையல் இயந்திரத்துக்கும் இதையேதானே சொல்வார்கள் என்று தோன்றியது.

இவர்கள் நடுவில் வந்து விழுந்ததுதான் அந்த வழிகாட்டித் திட்டம். எலும்பு ஆய்வுக்குப் புதிதாக வந்தவர்களில் கூடத்துக்கு ஒருவர் பெயர்தான் போகும். தேர்வானால் பெயர் பெற்ற ஒரு விஞ்ஞானி இரண்டு வருடம் கூடவே இருந்து வழிநடத்துவார். சொந்தமாக ஓர் ஆய்வு, பின்னால் சொந்தமாக ஒரு கூடம். படிப்பு முடித்து ஏழு வருடத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பிள்ளை பெற்று வீட்டிலிருந்த காலத்தைக் கழித்தாலும் மூத்தவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. இளையவளுக்கு இன்னும் நாலைந்து வருடம் இருந்தது. ஆனாலும் விண்ணப்பித்திருந்தாள்.

யார் பெயர் என்று தீர்மானிக்கிறவர் கூடத்தின் தலைவி. முழங்கால் மூட்டைத் தவிர வேறு பேச்சே அவரிடம் கிடையாது என்பதால் மூட்டு மேடம் என்று பெயர். தீர்மானிக்கும் நாள் இன்று.

காலையில் மாமியார் சாப்பாட்டு டப்பாக்களைக் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு டப்பாதான், ஆனால் சின்னவளுடையதை மட்டும் திறந்து பார்த்துத் திறந்து பார்த்து மூடினார். அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, நீ கொஞ்சம் பார்த்துக்கொள் என்று பெரியவளிடம் சொன்னார். சின்னவள் உடைத்தால் மண்குடம், பெரியவள் உடைத்தால் பொன்குடம் என்பது அந்த வீட்டுச் சட்டம். எட்டு வருடத்தில் மூத்தவள் என்ன சாப்பிட்டாள் என்று யாரும் டப்பாவைத் திறந்து பார்த்ததில்லை.

மேஜையிலிருந்து எழுந்த மூத்தவளின் கணவர், ரெண்டு பேரில் யாருக்குக் கிடைத்தாலும் நம் வீட்டுக்குத்தானே என்று சமாதானமாகச் சொன்னார். எந்த மனைவியிடமும் சொல்லக் கூடாத வாக்கியம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். மூத்தவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

பேருந்தில் இளையவள் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். தோளை உதறிவிடலாமா என்று மூத்தவள் ஒரு கணம் யோசித்தாள். உதறவில்லை. வேகத்தடையில் வண்டி குலுங்கியபோது அந்தத் தலையைக் கையால் பிடித்துக்கொள்ளவும் செய்தாள். பிடித்துக்கொண்ட அதே கைக்கு அவள் மேல் பொறாமையும் இருந்தது. இரண்டும் உண்மைதான்.

கூடத்துக்குள் நுழைந்ததும் இளையவள் கணினியைத் திறந்து, படங்களை இரண்டு வரிசையாகப் போட்டாள்.

அவள் வேலை இதுதான். முயலின் இரண்டு பின்னங்கால் எலும்பிலும் சின்னதாக ஒரு துளை. ஒரு காலின் துளையில் மருந்துப் பசை, இன்னொரு காலின் துளையில் மருந்தில்லாத வெறும் பசை. சில வாரம் கழித்துத் துளையைச் சுற்றி எலும்பை ஒரு துண்டாக வெட்டி எடுப்பார்கள். மருந்துத் துண்டு சிவப்பு மூடிக் குப்பியில், வெறும் துண்டு வெள்ளை மூடிக் குப்பியில். பிறகு இரண்டையும் ஒரே குழாயில் சேர்த்துப் போட்டுப் படம் எடுப்பார்கள். குழாய்க்குள் போனபின் எது எது என்று தெரிய வேண்டுமே? அதற்காக ஒரு துண்டில் மட்டும் நூலால் குட்டிக் கண்ணாடி மணி ஒன்றைக் கட்டிவிடுவார்கள். படத்தில் மணி வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். இந்தக் கூடத்து வழக்கப்படி மணி இருப்பது மருந்துத் துண்டு.

“மேல் வரிசை நான் கட்டினது. கீழ் வரிசை எனக்குக் காய்ச்சல் வந்தப்ப நீங்க கட்டிக் கொடுத்தது. பாருங்கக்கா.”

மேல் வரிசையில் மணி இருந்த துண்டுகளிலெல்லாம் துளை அழகாக மூடியிருந்தது. கீழ் வரிசையில் மணி இருந்த துண்டுகளில் துளை அப்படியே வாயைப் பிளந்துகொண்டிருந்தது. மணி இல்லாத வெறும் துண்டுகளில் மூடியிருந்தது. அதாவது, பாதி முயல்களுக்கு மருந்து எலும்பைக் கூட்டியது, பாதி முயல்களுக்குக் கெடுத்தது. இதை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு மேடம் முன்னால் போய் நிற்பது? போன வாரத்து அழுகைக்கு இதுதான் காரணம்.

மூத்தவள் கீழ் வரிசையைப் பார்த்தாள். பிழை எங்கே என்று புரிந்துவிட்டது, கூடவே பயமும் வந்தது.

இங்கே வருவதற்கு முன் அவள் வேலை பழகியது வேறு ஒரு கூடத்தில். அங்கே மருந்து போட்ட எலும்பின் மேல் நூல்கூடப் படக் கூடாது. மணியை வெறும் எலும்பில்தான் கட்டுவார்கள். வருடக்கணக்காக அப்படிக் கட்டிய விரல்கள். இங்கே வந்தபின் அவளுடைய சொந்த வேலைக்கு மணியே தேவைப்படவில்லை. அன்றைக்குச் சின்னவளின் காய்ச்சலுக்காகக் கட்ட உட்கார்ந்தவள், எதையோ யோசித்துக்கொண்டே பழைய பழக்கத்தில் கட்டித் தள்ளிவிட்டாள். கீழ் வரிசை முழுவதும் தலைகீழ்.

அப்படியானால் அந்த மருந்து பாதி முயல்களுக்கு அல்ல, எல்லா முயல்களுக்கும் வேலை செய்திருக்கிறது. இந்தக் கூடத்தில் இப்படி ஒரு முடிவு வந்து வெகு நாளாகிறது.

பயம் வந்த வழியே இன்னொன்றும் வந்தது. இதை அறிந்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான். அவள் வாயைத் திறந்தால் சின்னவள் இன்றைக்கே வானத்துக்கு ஏறிவிடுவாள். திறக்காவிட்டால் பழம் நழுவிப் பாலில் விழும். அவளாக ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும்.

ஆனால் சும்மா இருக்க விடவில்லை.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. கேட்கவே கூச்சமா இருக்கு. அன்னிக்கு மணியை எதுல கட்டினீங்க?”

மூத்தவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“மருந்துத் துண்டுலதான். வேற எதுல கட்டுவேன்?”

சொல்லி முடித்தபின்தான் சொன்னது தெரிந்தது. இளையவள் உடனே தலையாட்டினாள். அப்படியானால் இரண்டாம் முறை கலக்கிய பசைதான் கெட்டுப்போயிருக்கிறது, அதைக் கலக்கியது தான்தான், அவசர அவசரமாகக் கலக்கியது என்று தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். அக்காவைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்பு வேறு கேட்டாள். அந்த மன்னிப்பையும் மூத்தவள் வாங்கிக்கொண்டாள்.

மதியம் மேடம் அறையில் மூன்று நாற்காலி. முதலில் மூத்தவள் பேசினாள். வயதான எலிகளில் தசைநாண் எலும்போடு ஒட்டும் இடம் எப்படி நைந்துபோகிறது என்பது அவள் ஆய்வு. நிதானமான வேலை, ஓட்டை உடைசல் இல்லை. மேடம் முகத்தில் மரியாதை தெரிந்தது. கண்ணில் வெளிச்சம் வரவில்லை. இந்த வித்தியாசம் மூத்தவளுக்கு மனப்பாடம்.

அடுத்து இளையவள். மேல் வரிசையை மட்டும் காட்டிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். இரண்டையும் காட்டினாள். பாதி வந்தது, பாதி வரவில்லை, பசையைக் கலக்கியதில் தன் தவறு இருக்கலாம் என்று நேராகச் சொன்னாள். மேடம் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். கண்ணில் அந்த வெளிச்சம் வந்துவிட்டது. தோற்றுப்போனதைச் சொல்லும்போதுகூட இவளுக்குத்தான் அது வருமா என்று மூத்தவளுக்குப் பொறுக்கவில்லை.

மேடம் விரலால் திரையைத் தட்டினார்.

“பசை கெட்டிருந்தா மருந்துத் துண்டு ஆறாம இருக்கும், சரி. வெறும் துண்டு எப்படிம்மா இவ்வளவு அழகாக் கூடும்? எனக்கென்னவோ மணி மாறியிருக்குன்னு தோணுது. யார் கட்டினது?”

இளையவள் மூத்தவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அக்கா கட்டினது மேடம். அதுல தப்பு இருக்காது. நான் கேட்டுட்டேன்.”

“துண்டுகள் இருக்கில்ல? கரைச்சுப் பார்த்தா எதுல மருந்து இருந்ததுன்னு தெரிஞ்சிடும்.”

“வேண்டாம் மேடம். அக்கா சொன்ன பிறகு அதைச் சோதிச்சா அவங்களை நம்பலன்னு ஆயிடும். நான் மறுபடியும் முதல்லேருந்து செய்றேன்.”

மேடம் மூத்தவளைப் பார்த்தார். அந்தப் பார்வை ஒரு கேள்விதான். மூத்தவள் மெல்லத் தலையை ஆட்டினாள். ஆமாம், நான் கட்டியதுதான் என்றும் எடுத்துக்கொள்ளலாம், கவனமாகத்தான் கட்டினேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம். இத்தனை வருடம் சேர்த்த நல்ல பேர் முழுவதையும் அந்த ஒரு தலையசைப்பில் செலவழித்தாள்.

அதற்குமேல் மேடம் துருவவில்லை. எங்கே பிழை என்று தெரியாத ஒரு வேலையை மேலே அனுப்ப முடியாது, இளையவளுக்கு இன்னும் வருடங்கள் இருக்கின்றன என்றார். நாளைக் காலையில் மூத்தவள் பெயரை அனுப்பப் போவதாகச் சொன்னார். கூடவே ஒன்று. தேர்வாகிறவர் கூடத்தில் ஒரு புதியவரைத் தன் பொறுப்பில் எடுத்துப் பழக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. இளையவளைவிடப் பொருத்தமான ஆள் யார் என்று கேட்டு அவரே சிரித்தார்.

வெளியே வந்ததும் இளையவள் மூத்தவளைக் கட்டிக்கொண்டாள். நடிப்பில்லை. நடிப்பாக இருந்திருந்தால் மூத்தவள் அன்றைக்கு நிம்மதியாக இருந்திருப்பாள். நினைத்தது கைக்கு வந்துவிட்டது, ஆனாலும் பொறாமை ஒரு இம்மிகூட இறங்கவில்லை. முன்பு அவளுடைய கெட்டிக்காரத்தனத்தின் மேல்தான் இருந்தது. இப்போது அவளுடைய நல்ல மனசின் மேலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

சாயங்காலம் கூடம் காலியானது. மேற்கு ஜன்னலில் வெயில் இன்னும் இருந்தது. இளையவள் குப்பிகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கழிவு வண்டி நாளைக் காலையில் வரும், எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கப் போகிறேன் என்றாள். வண்டி வந்து போய்விட்டால் கரைத்துப் பார்க்கவும் ஏதும் இருக்காது. ஒரு ராத்திரியைக் கடத்திவிட்டால் போதும் என்று மூத்தவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். சின்னவளுக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறதே, அதற்குள் இந்த மருந்து எங்கே ஓடிப்போகப் போகிறது, திரும்பச் செய்தால் தானாக வந்துவிடப் போகிறது என்று நியாயமும் கற்பித்துக்கொண்டாள். நியாயத்துக்கா பஞ்சம்? வேண்டும் என்றால் வந்து வரிசையில் நிற்கும்.

இளையவள் கடைசியாக இரண்டு குப்பிகளை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். ஒன்றில் சிவப்பு மூடி, ஒன்றில் வெள்ளை மூடி.

ஒரு முயலின் துண்டுகள் மட்டும் படம் எடுக்காமல் விட்டுப்போயிருக்கின்றன, மனசு கேட்கவில்லை, இதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன் என்றாள். காலையிலிருந்து கை நடுங்குகிறதாம், நூல் முடிச்சு விழவில்லையாம்.

“நீங்களே கட்டிக் குடுங்கக்கா. இனிமே நீங்கதானே எனக்கு வாத்தியார்.”

அந்த நேரம் பார்த்து மூத்தவளின் கைபேசி அடித்தது. மாமியார். அவராக அவளை எதற்கும் கூப்பிடுகிறவர் அல்ல. மதியமே கணவரிடம் சொல்லியிருந்தாள், அவர் வழியாக விஷயம் எட்டியிருக்க வேண்டும். கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, இடுக்கியையும் நூலையும் கையில் எடுத்தாள்.

மாமியாரின் குரல் வழக்கமான குரலாக இல்லை. இந்த வீட்டுக்கு நீ வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், வாயைத் திறந்து எதுவும் கேட்டதில்லை, எல்லாருக்கும் செய்துவிட்டுத்தான் உனக்குச் செய்துகொள்வாய், எனக்குச் சொல்லத் தெரியவில்லையே தவிரத் தெரியாமல் இல்லை என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். மாமா தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தாராம். பெரிய மருமகள் என்று சொன்னபோது குரலில் கொஞ்சம் தழுதழுப்புகூட இருந்தது.

எட்டு வருடம் காத்திருந்த வார்த்தைகள். மூத்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆமாம் அத்தை, சரி அத்தை என்று சொல்லிக்கொண்டே மூடிகளைத் திறந்தாள், துண்டை எடுத்தாள், மணியைக் கோத்தாள், முடிச்சுப் போட்டாள். அழகான முடிச்சு. கண் பார்க்காமலே விழுந்த முடிச்சு. காலையில் பொய் சொன்னது வாய்தான். விரல்களுக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை.

“சின்னவ வாடிப்போயிருப்பா, நீ ஒண்ணும் சொல்லிடாதே. உன்னைத்தான் அவ மலை போல நம்பியிருக்கா” என்றார் மாமியார்.

மூத்தவள் நிமிர்ந்தாள். இளையவள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவப்பு மூடிக் குப்பியில் துண்டு அப்படியே இருந்தது. வெள்ளை மூடிக் குப்பி காலியாக இருந்தது. அதிலிருந்து வெளியே வந்த வெறும் எலும்பு, கழுத்தில் மணியோடு, இடுக்கியின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கைபேசியில் மாமியார் ரெண்டு பேரும் சேர்ந்தே வாருங்கள், நேரமாக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இளையவள் கையை நீட்டி, அவள் தோளிலிருந்து கைபேசியை மெதுவாக எடுத்தாள். அக்காவோடு இதோ கிளம்பிவிட்டோம் அத்தை என்று எப்போதும் போன்ற குரலில் சொல்லி இணைப்பைத் துண்டித்து, மேஜைமேல் வைத்தாள்.

அப்புறம் கீழ் வரிசைப் படங்களுக்கு உரிய குப்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். மூத்தவள் ஏதோ சொல்ல வந்தாள். பழைய கூடத்துப் பழக்கம், கை மறதி, காய்ச்சல், அவசரம் என்று எத்தனையோ சொல்லலாம். எல்லாம் உண்மைதான்.

“மாத்திக் கட்டினதை விடுங்கக்கா. அது யாருக்கும் வரும்” என்றாள் இளையவள். “காலைல கேட்டேனே.”